இம்ப்ளான்ட் பல்: கடிக்க ஓகே, காத்திருக்கத் தெம்பு வேண்டும்

கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப்பல் போன இடத்தில் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டேன், அதாவது எலும்பில் உலோகத் திருகைப் பதித்து அதன்மேல் செயற்கைப் பல்லைப் பொருத்துவது. பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் பிரிட்ஜ் என்றால் சீக்கிரம் முடிந்திருக்கும், ஆனால் அதற்காகப் பக்கத்தில் நன்றாக இருக்கும் இரண்டு பற்களை ராவ வேண்டும், அதில் எனக்கு மனசே வரவில்லை. கழற்றி மாட்டும் பல் செட் பேச்சுக்கே இடமில்லை.

அறுவை சிகிச்சைக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். மரத்துப்போக ஊசி போட்டபின் வலி இல்லை, அதிர்வுதான். எலும்பைத் துளைக்கும் சத்தம் மண்டைக்குள்ளேயே கேட்கும், அந்தச் சூட்டில் எலும்பு செத்துவிடக்கூடாது என்று உப்புநீரைப் பீய்ச்சிக்கொண்டே இருப்பார்கள், வாயெல்லாம் உப்பு. அப்புறம் கொஞ்சம் வீக்கம், தையல், அவ்வளவுதான்.

உண்மையான சோதனை அதற்குப் பிறகு. டைட்டானியம் திருகை எலும்பு வளர்ந்து பிடித்துக்கொண்ட பிறகுதான் மேலே கேப், அதாவது பல் வடிவ மூடி. 1950களில் முயலின் எலும்பில் வைத்த டைட்டானியத்தைக் கழற்ற முடியாமல் போனபோதுதான் சுவீடனைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் பிரோனெமார்க்குக்கு இந்த யோசனையே வந்தது. 1965இல் முதல் நோயாளிக்கு வைத்தார். அந்தப் பிடிப்புக்குப் பொதுவாக 3 முதல் 6 மாதம், மேல்தாடை எலும்பு மிருதுவானது என்பதால் அங்கே இன்னும் இழுக்கும். பல் போய் ரொம்ப நாளாகி எலும்பு கரைந்திருந்தால் முதலில் எலும்பு வைக்க வேண்டும், அது தனிக் கதை. ‘ஒரே நாளில் பல்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து ஓடாதீர்கள், அன்றைக்கு மாட்டுவது பெரும்பாலும் தற்காலிகப் பல், அதுவும் எல்லோருடைய எலும்புக்கும் ஒத்துவராது.

இப்போது கடினமானதையும் அந்தப் பக்கமே போட்டுக் கடிக்கிறேன், பல் அசைவதில்லை. ஆனால் சொந்தப் பல் மாதிரியா என்றால், இல்லை. நிஜப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு நார்ச்சவ்வு உண்டு, எவ்வளவு அழுத்திக் கடிக்கிறோம் என்று சொல்வது அதுதான். இதில் அது கிடையாது, அதனால் சின்னக் கல் அகப்பட்டால்கூடச் சட்டென்று உறைக்காது. இன்னொரு தொல்லை, திருகு ஒல்லி, கேப் அகலம், ஈறுக்குப் பக்கத்தில் இடுக்கு விழுந்து சாப்பிட்டதெல்லாம் அங்கே போய்ச் சொருகிக்கொள்ளும். பல்லிடுக்குப் பிரஷ் இல்லாமல் எனக்கு ராத்திரி தூக்கம் வராது. சோம்பேறித்தனம் இங்கே செல்லாது: உலோகம் சொத்தையாகாதுதான், ஆனால் சுற்றியுள்ள ஈறு அழற்சி கண்டால் வலியே காட்டாமல் எலும்பை அரித்துவிடும். சிகரெட் பிடிப்பவர்களும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களும் வைப்பதற்கு முன்பே டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கேப்பை இன்னொரு சின்னத் திருகால் முடுக்குவதா, சிமென்ட்டில் ஒட்டுவதா என்று கேளுங்கள். நான் திருகுதான் கேட்டு வாங்கினேன், ஏதாவது ஆனால் கழற்றிப் பார்க்கலாம், ஈறுக்கடியில் சிமென்ட் தங்கிப் புண்ணாகும் பயமும் இல்லை. இம்ப்ளான்ட்டின் கம்பெனி, அளவு எழுதிய கார்டையும் கையோடு வாங்கிவிடுங்கள், பின்னால் வேறு டாக்டரிடம் போனால் அவர் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.