ஒரே சாப்பாடு, மூன்று வாசல்: அமெரிக்கப் பள்ளி உணவில் இலவசம் யாருக்கு?

அமெரிக்கப் பள்ளிகளில் வரிப்பணத்தில் மதிய உணவு தரும் திட்டம் 1946-இல் சட்டமானது. யாருக்கு இலவசம் என்று முடிவு செய்ய இன்று மூன்று முறைகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. மூன்றிலும் தட்டில் விழுவது ஒன்றுதான். வசதியில்லை என்பதை யார், யாரிடம் காட்ட வேண்டும் என்பதில்தான் வித்தியாசம்.

பழைய முறையில் அந்த வேலை பெற்றோர் தலையில். வீட்டு வருமானத்தை எழுதிப் படிவம் கொடுக்க வேண்டும். மத்திய (ஃபெடரல்) அரசு வகுத்த வறுமைக்கோட்டின் 130% வரை இலவசம். 185% வரை சலுகை விலை, அதாவது அதிகபட்சம் 40 சென்ட். 2025–26 கல்வியாண்டில் நான்கு பேர் குடும்பத்துக்கு இந்த வரம்புகள் ஆண்டுக்கு 41,795 டாலர், 59,478 டாலர். இரண்டாவதை ஒரு டாலர் தாண்டினாலும் முழு விலைதான். அலாஸ்கா, ஹவாய் தவிர நாடு முழுக்க ஒரே கோடு. மன்ஹாட்டன் வாடகைக்கும் மிசிசிப்பி வாடகைக்கும் உள்ள தூரம் இந்தக் கணக்கில் வரவே வராது. எனக்கு இதில் பிடிக்காத இடம் இதுதான்.

நல்லதும் உண்டு. சொத்து, சேமிப்பு, குடியுரிமை எதையும் கேட்பதில்லை. சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் கேட்பார்கள். எண் இல்லையென்றால் இல்லை என்று குறித்தால் போதும். உணவு உதவித் திட்டமான ஸ்நாப்பில் இருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள், வளர்ப்புப் பராமரிப்பில் உள்ளவர்கள், வீடற்றவர்கள் ஆகியோருக்கு வருமானக் கணக்கே வேண்டாம். மாட்டிக்கொள்வது கோட்டுக்குச் சற்று மேலே இருப்பவர்கள்தான். பள்ளி உணவுக் கடன், அதாவது கட்டாமல் நிற்கும் சாப்பாட்டுப் பாக்கி, அங்கே நிறையச் சேர்கிறது. கடனுக்காகப் பிள்ளைகளை அவமானப்படுத்துவதை 2017-இல் நியூ மெக்சிகோ சட்டம் போட்டே தடுக்க வேண்டியிருந்தது.

அடுத்தது கூட்டுத் தகுதி. 2010 சட்டத்தில் வந்து 2014-இல் நாடு முழுக்கப் பரவியது. இங்கே பெற்றோரை யாரும் கேட்பதில்லை; நிரூபிப்பது பள்ளி. ஸ்நாப் போன்றவற்றின் வழியாகப் படிவமில்லாமலே தகுதி பெறும் மாணவர்கள் 25% இருந்தால் (2023 வரை 40%) பள்ளி இதில் சேரலாம், எல்லோருக்கும் இலவசம். ஆனால் சூட்சுமம் பணத்தில் இருக்கிறது. அந்த விகிதத்தை 1.6-ஆல் பெருக்கி வரும் சதவீதச் சாப்பாட்டுக்குத்தான் மத்திய அரசு முழு இலவச விகிதத்தில் பணம் தரும். 62.5% இருந்தால் முழுவதும் கிடைத்துவிடும். 25% என்றால் 40%-க்குத்தான். மீதி 60%-க்கு வருவது சொற்பம், பற்றாக்குறை பள்ளியின் கையைக் கடிக்கும். அதனால் கதவு 25%-க்குத் திறந்தாலும் உள்ளே போகத் தயங்கும் பள்ளிகள் உண்டு. 2025-இல் ஸ்நாப் விதிகள் இறுகிவிட்டன. அங்கே பெயர்கள் நீங்கினால் இந்த விகிதமும் சேர்ந்து விழும்.

மூன்றாவது முறையில் யாரும் எதையும் நிரூபிக்க வேண்டாம்; மீதிச் செலவை மாநில அரசு ஏற்று எல்லோருக்கும் இலவசமாகத் தருகிறது. கலிஃபோர்னியாவும் மெய்னும் 2022–23-இல் தொடங்கின, மினசோட்டா போன்றவை அடுத்த ஆண்டு சேர்ந்துகொண்டன. பணக்காரப் பிள்ளைக்கு ஏன் நம் வரிப்பணம் என்ற கேள்வி நியாயமானதே. கொலராடோ வாக்காளர்கள் தந்த பதில் எனக்குப் பிடித்தது: 3 லட்சம் டாலருக்கு மேல் வருமானம் உள்ளவர்களின் வரிக்கழிவைக் குறைத்து, அந்தப் பணத்தில் எல்லோருக்கும் சாப்பாடு. வருமானத்தைப் பார்க்க வேண்டிய இடம் வரிப் படிவம், சாப்பாட்டு வரிசை அல்ல என்கிறார்கள். சரி, செலவு கணக்கை மிஞ்சியது. 2025 நவம்பரில் மறுபடியும் வாக்காளர்களிடம் போக வேண்டியதாயிற்று.

வறுமை அடர்ந்த ஊருக்குக் கூட்டுத் தகுதியே போதும் என்பேன். ஏழையும் நடுத்தரமும் கலந்த பள்ளிகளில்தான் மூன்றாவது முறை உண்மையில் வேலை செய்கிறது. மாநிலத்துக்கு நிலையான வரவு இருந்தால்.

அப்புறம் ஒன்று. கலிஃபோர்னியாவில் சாப்பாடு இலவசமான பிறகும் பல பள்ளிகள் வருமானப் படிவம் அனுப்பத்தான் செய்கின்றன. மாநிலம் தரும் கல்வி நிதியில் ஒரு பங்கு அந்த எண்ணிக்கையைப் பொறுத்தது. வந்தால் நிரப்பிக் கொடுத்துவிடுங்கள்.