கட்டிலுக்கு அடியில் ஒரு தையல் மிஷின்

எங்கள் வீடு மதுரை அரசரடியில், இரண்டாவது மாடி. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஆள் திரும்பினால் இடிக்கிற சமையலறை. அம்மாவின் சிங்கர் கால்மிதி மிஷின் ஊரில் சும்மா கிடக்கிறது. எடுத்துக்கொண்டு போ என்று அம்மா வருஷக்கணக்காகச் சொல்கிறாள். இரும்பு ஸ்டாண்டோடு அதைப் படியேற்ற இரண்டு ஆள் வேண்டும். ஏற்றிவிட்டால் பீரோவை வெளியே வைக்க வேண்டும், இல்லையென்றால் எங்களை.

எனக்குத் தையல் தொழில் இல்லை. மாதத்தில் இரண்டு மூன்று நாள் வேலை வரும். நைட்டிக் கை பிரிந்திருக்கும், ஜாக்கெட்டைக் கொஞ்சம் பிரித்துவிட வேண்டியிருக்கும், ஜூன் மாதம் மகளின் யூனிஃபார்ம் பாவாடையில் மடிப்பை இறக்க வேண்டியிருக்கும். இந்த மாதிரி சில்லறை வேலையைக் கொண்டுபோனால் தெருமுனை டெய்லர் "வச்சிட்டுப் போங்கக்கா" என்பார். தீபாவளிக்கு முன்னால் வைத்தால் பொங்கலுக்கு வரும். முன்பெல்லாம் புதுமண்டபத்தில் தூணுக்குத் தூண் மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். நின்ற இடத்திலேயே தைத்து வாங்கி வரலாம். கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போன பிறகும் கை அதே கைதான். ஆனால் ஒரு தலையணை உறைக்காக பஸ் ஏற மனசு வருவதில்லை.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் ஒரு குட்டி மிஷின் வாங்கினேன். நாலு பேட்டரி போட்டாலும் ஓடும், அடாப்டர் போட்டாலும் ஓடும். ஒரு கையில் தூக்கிவிடலாம். கைக்குட்டை ஓரம் அடித்தது. பருத்திப் புடவையை இரண்டாக மடித்துக் கொடுத்தால் முனகியது, மூன்றாவது மடிப்பில் நின்றுவிட்டது. துணியை இழுத்தால் மிஷினும் கூடவே வந்தது! இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டால் துணியைப் பிடிக்க இன்னொரு கை வேண்டும். எடை ரொம்பக் குறைந்தால் என்ன ஆகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எதிர்வீட்டு அக்காவிடம் ஸ்டேப்ளர் மாதிரி கையில் பிடித்துத் தைக்கிற ஒன்று இருக்கிறது. அதில் ஒரே நூல்தான், சங்கிலித் தையல். கடைசி முடிச்சு ஒழுங்காகப் போடாவிட்டால் நூலின் நுனியை இழுத்ததும் அரிசி மூட்டை வாயைப் பிரிக்கிற மாதிரி சரசரவென்று மொத்தமும் வந்துவிடும்.

அப்புறம்தான் கடைக்குப் போனேன். விற்பனைக்கு இருந்த அண்ணன் ஒரு துண்டுத் துணியில் பளிச்சென்ற சிவப்பு நூலால் விதவிதமாகத் தைத்துக் காட்டினார். இலை மாதிரி, அலை மாதிரி, அழகாகத்தான் இருந்தது. அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்தேன், அட்டை மாதிரி விறைப்பு. அதில் எந்த மிஷினும் நன்றாகத்தான் தைக்கும். நான் வீட்டிலிருந்தே மூன்று துண்டு கொண்டுபோயிருந்தேன்: பழைய சுங்குடிப் புடவை, பனியன் துணி, ஜீன்ஸ் பேண்டின் கால் மடிப்பு. இதில் தைத்துக் காட்டுங்கள் என்றதும் அவர் முகம் கொஞ்சம் மாறியது. நீங்களும் இப்படியே செய்யுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

கடைசியில் வாங்கியது கரண்டில் ஓடும் சாதாரண ஜிக்ஜாக் மிஷின். பதினோராயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. கம்பெனி பெயரை எழுதவில்லை, இந்த விலையில் வருகிற பலவற்றிலும் அமைப்பு ஏறக்குறைய இதுதான்: முன்பக்கம் அடிநூல் சுற்றிய பாபினை வைக்கிற பாபின் கேஸ், தையல் மாற்ற ஒரு டயல், காஜா எடுக்க வசதி, சட்டைக்கையை நுழைத்துத் தைக்கக் கழற்றிவிடுகிற மாதிரி ஒரு பக்கம். நேர்த்தையல், ஜிக்ஜாக், காஜா, இந்த மூன்றைத் தவிர மற்ற டிசைன்களை ஒரு வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் தொட்டேன், அதுவும் மகள் பார்க்க வேண்டும் என்றதால். தையல் எண்ணிக்கைக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

எடையை நானே பார்த்தேன். மிஷினோடு ஒரு தடவை, மிஷின் இல்லாமல் ஒரு தடவை எடை மெஷினில் ஏறி இறங்கினேன். வித்தியாசம் ஐந்தரை கிலோ. ஒரு கேஸ் சிலிண்டரை உருட்டுகிற கைக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனாலும் வேகமாக ஓட்டும்போது மேஜையை விட்டு நகராத அளவுக்குக் கனம் உண்டு. கட்டிலுக்கு அடியில் பழைய போர்வையைச் சுற்றி வைத்திருக்கிறேன். வாங்குவதற்கு முன்னால் கட்டில் சட்டத்துக்கும் தரைக்கும் நடுவில் எத்தனை அங்குலம் என்று அளந்துவிட்டுப் போங்கள். எங்கள் கட்டிலில் அரை அங்குலம் மிச்சம் விட்டுத்தான் நுழைகிறது. எடுத்து, சாப்பாட்டு மேஜையில் வைத்து, பிளக் செருகி, நூல் கோத்துத் தைக்க ஆரம்பிக்க ஐந்து நிமிஷம். எனக்கு முக்கியம் இதுதான். அந்த ஐந்து நிமிஷம் இருபது நிமிஷமாக இருந்தால் நைட்டி பிரிந்தபடியே கிடக்கும், எனக்கு என்னைத் தெரியும்.

முதல் வாரம் அழுகை வந்தது. மேலே தையல் அழகாக இருக்கிறது, துணியைத் திருப்பினால் அடியில் நூல் குருவிக்கூடு கட்டியிருக்கிறது. கீழே சிக்குகிறதே என்று பாபினை நாலு தடவை கழற்றி மாட்டினேன், பாபின் கேஸில் இருக்கிற பொடி ஸ்குரூவைக்கூடத் திருகிவிட்டேன். திருகியிருக்கக் கூடாது. வந்து சொல்லிக்கொடுக்கிறோம் என்ற கடைக்காரர்கள் பத்து நாள் வரவே இல்லை. கடைசியில் அம்மாதான் போனில் கேட்டாள்: "நூல் கோக்கும்போது ஃபுட்டை மேலே தூக்கி வச்சியா?" வைக்கவில்லை. துணியை அழுத்திப் பிடிக்கிற அந்த ஃபுட் கீழே இருந்தால், மேல்நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டுகள் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், நூல் அதற்குள் இறங்காமல் மேலோடு போய்விடும். பிடிப்பில்லாத மேல்நூல் அடியில் போய்க் குவிகிறது. அடியில் சிக்கினாலும் வியாதி மேலே. ஃபுட்டைத் தூக்கி மறுபடி கோத்தேன், அத்தோடு சரியாகிவிட்டது.

ஊசியிலும் ஒரு பாடம். அம்மா மிஷினில் ஊசியின் தட்டைப் பக்கம் பக்கவாட்டில் இருக்கும், இதில் பின்பக்கம் பார்க்க வேண்டும். பழக்கத்தில் மாற்றிப் போட்டால் ஒரு தையல்கூட விழாது. சாதாரணப் பருத்திக்கு 14ஆம் நம்பர், ஜீன்ஸுக்கு 16. பனியன் துணிக்கு அதற்கென்று நுனி உருண்ட ஊசி தனியாக வருகிறது. அது இல்லாமல் லெக்கின்ஸ் தைத்தால் தையல் விட்டுவிட்டு விழுகிறது.

குறை இல்லாமல் இல்லை. ஜீன்ஸ் கால் மடிப்பில் பக்கத் தையல் வரும் மொத்தமான இடத்தில் திணறுகிறது. ஃபுட்டுக்குப் பின்னால் ஒரு துண்டுத் துணியை மடித்துச் செருகி உயரத்தைச் சமமாக்கி, கையால் சக்கரத்தை நம் பக்கமாகச் சுற்றித் தாண்ட வேண்டும். மோட்டாரை நம்பி அழுத்தினேன், ஊசி உடைந்து மூக்குக் கண்ணாடியில் பட்டது. பீகோ அடிக்கிற கடை மாதிரி புடவை ஓரம் வராது, ஜிக்ஜாக் பிசிறு பிரியாமல் காக்கும், அவ்வளவுதான். கால் பெடலின் ஒயர் குட்டை. தரையில் உட்கார்ந்து பெடலை முழங்காலால் அழுத்திப் பார்த்தேன், வேகம் கட்டுக்குள் வரவில்லை. விளக்கப் புத்தகத்தில் ஏகப்பட்ட மொழி, தமிழ் மட்டும் இல்லை. எண்ணெய் விடச் சொன்ன இடத்தில் மிஷின் எண்ணெய் மட்டும் விடுங்கள். தேங்காயெண்ணெய் நாளாக நாளாகப் பிசினாகிவிடும்.

அமெரிக்காவிலிருந்து யாராவது மிஷின் கொண்டுவந்து தருகிறேன் என்றால் பின்பக்கம் என்ன வோல்ட் என்று எழுதியிருக்கிறது எனப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே 120, இங்கே 230. சித்தி மகன் ஆசையாகக் கொண்டுவந்தது டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஓடாது, அந்த டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கினால் மிஷின் கனம்.

தினம் நாலு ஜாக்கெட் தைத்துக் காசு பார்க்க நினைப்பவர்களுக்கு இது வேண்டாம், அம்மாவுடையது மாதிரி கறுப்பு மிஷினையே வாங்கி மோட்டார் மாட்டிக்கொள்ளுங்கள். என் மாதிரி ஆளுக்கு இது போதும்.

போன மாதம் அம்மா வந்திருந்தாள். "பொம்மை மாதிரி இருக்கு" என்றுதான் உட்கார்ந்தாள். பெடலில் கால் வைத்ததும் பழைய ஞாபகத்தில் குதிகாலும் விரலுமாக மிதிக்க ஆரம்பித்துவிட்டாள். மிஷின் ஓடுகிறது, நிற்கிறது, ஓடுகிறது, நிற்கிறது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சாயங்காலத்துக்குள் அம்மா இரண்டு தலையணை உறை தைத்துவிட்டாள். மறுநாள் ஊருக்குக் கிளம்பும்போது, ஃபால்ஸ் வைக்க வேண்டிய புடவை எட்டு வீட்டில் இருக்கிறது, அடுத்த தடவை எடுத்துவருகிறேன் என்றாள்.