பிராக் ஓரறைப் பள்ளிகள்: ஒரு மதிப்பீடு

வங்கதேசத்தில் பிராக் (BRAC) என்னும் தொண்டு நிறுவனம் 1985ஆம் ஆண்டு 22 பள்ளிகளுடன் தொடங்கிய முறைசாராத் தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளிப் படியையே மிதிக்காத அல்லது பாதியில் நின்றுவிட்ட ஏழைக் குழந்தைகளுக்கானது. அத்தகைய குழந்தைகளை மீண்டும் படிக்க வைக்க நான் அறிந்தவரை எடுக்கப்பட்ட முயற்சிகளில் இதற்கே முதலிடம் தருவேன். பாடநூலைவிடப் பள்ளி நடத்தப்படும் விதமே அதற்குக் காரணம்.

வாடகைக்கு எடுத்த ஓர் அறை, தரையில் பாய், முப்பது பேரளவில் பிள்ளைகள், ஓர் ஆசிரியை. பள்ளி என்பது அவ்வளவுதான். வகுப்பு நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு மணி நேரமே நடைபெறும். அது எப்போது தொடங்க வேண்டும் என்பதைப் பெற்றோருடன் கலந்து பேசியே முடிவு செய்கிறார்கள். வறுமையில் வாடும் வீட்டில் எட்டு வயதுப் பெண் தம்பியைத் தூக்கி வைத்திருப்பாள், தண்ணீர் சுமப்பாள், அறுவடைக் காலத்தில் வயலுக்கும் போவாள். நாள் முழுவதும் அவளைக் கேட்கும் பள்ளிக்கு அவளை அனுப்பப் பெற்றோருக்கு மனமிருந்தாலும் வழியிருப்பதில்லை. இப்பள்ளிகளில் பெண் குழந்தைகளே பெரும்பான்மையாக இருப்பதற்கு, நேரத்தை வீட்டின் நிலைக்கேற்ப வளைத்ததும் வீட்டருகிலேயே பள்ளியை வைத்ததும் முக்கியக் காரணங்கள் என்று கருதுகிறேன். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரால் உதவ முடியாது என்பதை உணர்ந்து வீட்டுப்பாடத்தைக் குறைத்திருப்பதும் மிகுந்த கரிசனத்துடன் எடுத்த முடிவு.

ஆசிரியை பெரும்பாலும் அதே ஊரில் வாழும் பெண். குறுகிய காலப் பயிற்சியுடன் பணியில் சேரும் அவருக்கு மாதந்தோறும் மீள்பயிற்சி உண்டு. ஐந்து ஆண்டுப் பாடத்தை நான்கு ஆண்டுகளில் முடிக்கும் வரை அதே பிள்ளைகளுக்கு அவரே கற்பிப்பதால், ஒரு பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் எந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அவர் திறன் குறைந்தவராக இருந்தாலோ இடையில் விலகினாலோ வகுப்பு முழுவதும் பாதிக்கப்படும். ஈடுகட்ட இன்னோர் ஆசிரியர் அங்கே இல்லை.

எனக்கு உறுத்தும் குறை வேறொன்று. ஒரு பள்ளி ஒரே மாணவர் அணியைச் சேர்த்துக்கொண்டு, அந்த அணி முடித்த பிறகே அடுத்த அணியை எடுக்கும். அக்காள் படித்துக்கொண்டிருக்கையில் எட்டு வயதாகும் தங்கை, அதே ஊரில் வேறு பள்ளி இல்லாவிட்டால், ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் அவள் வீட்டு வேலையில் ஊன்றிவிடக்கூடும். வெளிநாட்டு நன்கொடையைப் பெரிதும் நம்பிப் பள்ளிகள் பெருகியதால், நன்கொடை சுருங்கும்போது பாதிப்பு முதலில் இக்குழந்தைகளைத்தான் சேரும்.

இத்திட்டத்தைப் பின்பற்ற விரும்பும் அமைப்புகள், ஆறாம் வகுப்பில் பிள்ளைகள் பெரிய பள்ளிக்குள் நுழையும் முதல் ஆண்டுக்கும் சேர்த்தே நிதி ஒதுக்க வேண்டும். பெயர் சொல்லி அழைத்த ஒரே ஆசிரியையிடமிருந்து, பாடத்துக்கொருவர் வந்துபோகும் நெரிசலான வகுப்புக்குப் போகும் பிள்ளையை அந்த ஓராண்டு பழைய ஆசிரியையே தொடர்ந்து விசாரித்துவர ஊதியத்துடன் ஏற்பாடு செய்யலாம்.