வீட்டுப் பத்திரத்தை வச்சு எடுத்த லோன்: வாங்கின நாள்ல இருந்து பத்திரம் திரும்பி வந்த நாள் வரைக்கும், என் ரிவ்யூ

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சது. எல்ஏபி, அதாவது சொந்த வீட்டை அடமானம் வச்சு எடுக்குற லோன். நான் எடுத்தது ஒரு தனியார் என்பிஎஃப்சில, அதாவது பேங்க் இல்லாத நிதி நிறுவனம். பேரு போடல. 2019 நவம்பர்ல எடுத்தேன், 20 லட்சம், 11 சதவீத ஃப்ளோட்டிங் (ஏறி இறங்குற) வட்டி, 15 வருஷம், இஎம்ஐ 22,732. அப்பாவுக்கு ஆபரேஷன், அதுக்கு முன்னாடியே கைமாத்தா வாங்கி ஏறிப்போன கடன், ரெண்டையும் சேர்த்து அடைக்க வேற வழி தெரியல. வீடு அம்மா பேர்ல. அம்மா ஒரு வார்த்தை கேக்காம பீரோவுல இருந்து பத்திரத்தை எடுத்து குடுத்துட்டாங்க, அதனாலதான் இந்த அஞ்சு வருஷமும் எனக்கு இது வெறும் லோனா தெரியல.

முதல்ல நல்லதை சொல்லிடறேன். சாங்ஷன் வேகம், 17 நாள்ல செக் கைக்கு வந்துச்சு. அவங்க வக்கீல் மூலப்பத்திரத்துல இருந்து 30 வருஷ ஈசி (வில்லங்கச் சான்று) வரைக்கும் வரி விடாம பார்த்தாரு, பட்டாவுல இன்னும் தாத்தா பேரே இருக்குன்னு கண்டுபிடிச்சு சொன்னதும் அவர்தான், அதை மாத்தினது எங்களுக்கு என்னைக்கும் உபயோகம். பிராஞ்ச்ல ஒரு மேடம் இருந்தாங்க, எந்த கேள்வி கேட்டாலும் எரிச்சல்படாம பதில் சொல்வாங்க. வேல்யூவர் போட்ட மதிப்புல பாதிதான் லோனா குடுத்தாங்க, அப்போ கம்மியா தோணுச்சு, இப்போ யோசிச்சா அதுக்கு மேல குடுக்காததே நல்லதுன்னு படுது.

செலவு விஷயத்துல முன்னாடியே தெளிவா சொல்லல. ப்ராசஸிங் ஃபீஸ், அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, வக்கீல் ஃபீஸ், வேல்யூவர் ஃபீஸ், அப்புறம் எம்ஓடி. எம்ஓடின்னா பத்திரத்தை அடமானமா ஒப்படைச்சோம்னு சார்பதிவாளர் ஆபீஸ்ல பதியுறது, தமிழ்நாட்டுல லோன் தொகைக்கு அரை சதவீதம் முத்திரைத்தீர்வை, எனக்கு 10,000 ஆச்சு, பதிவுக் கட்டணம் தனி. இது போக இன்சூரன்ஸ்னு ஒரு பெரிய தொகையை லோன்லயே சேர்த்துட்டாங்க, 15 வருஷத்துக்கும் ஒரே பிரீமியம், அதுக்கும் நான் 11 சதவீத வட்டி கட்டணும். கட்டாயமான்னு கேட்டதுக்கு எல்லாருமே எடுக்குறாங்க சார்னு மட்டும்தான் பதில். கட்டாயம் கிடையாது. நான் சண்டை போட்டு அதை லோன்ல இருந்து நீக்க வச்சேன், தனியா ஒரு டேர்ம் பாலிசி போட்டுக்கிட்டேன், வித்தியாசம் பாதிக்கு மேல. இப்போ எடுக்குறவங்களுக்கு ஒரு நல்லது இருக்கு, 2024 அக்டோபர்ல இருந்து எல்லா செலவையும் சேர்த்து வருஷ வட்டி எவ்வளவுன்னு ஒரே தாள்ல எழுதி குடுக்கணும்னு ரிசர்வ் பேங்க் சொல்லிருக்கு, கேஎஃப்எஸ்னு பேரு. அதை கையில வாங்காம கையெழுத்து போடாதீங்க.

இன்னொரு விஷயம், என்னை காப்பாத்தினது இதுதான். அப்ளிகேஷன்ல லோன் எதுக்குன்னு ஒரு கட்டம் இருக்கும். ஏஜென்ட் அதுல அவராவே பிசினஸ்னு எழுதியிருந்தாரு. பேங்க்ல இருந்து ரிடையர் ஆன எங்க மாமா பக்கத்துல இருந்தாரு, பார்த்த உடனே அதை அடிச்சு மருத்துவச் செலவுன்னு எழுது மாப்ளன்னு சொன்னாரு. காரணம் என்னன்னா, தனிநபர் பிசினஸ் இல்லாத தேவைக்கு எடுத்த ஃப்ளோட்டிங் லோனை முன்கூட்டியே அடைச்சா அபராதம் வாங்கக்கூடாது, பிசினஸ்னு இருந்தா அப்போ வாங்கலாம். கடைசில நான் லோனை முடிக்கப் போனப்போ 4 சதவீதம் ஃபோர்குளோஷர் சார்ஜ்னு ஒரு ஸ்டேட்மென்ட் குடுத்தாங்க, 76,000க்கு மேல வருது. அந்த அப்ளிகேஷன் ஜெராக்ஸை காமிச்சேன், மறுநாள் அந்த வரி இல்லாம புது ஸ்டேட்மென்ட் வந்துச்சு. 2026 ஜனவரி 1க்கு மேல சாங்ஷன் ஆகுற லோன்ல பிசினஸ் தேவைக்கும் இந்த பாதுகாப்பை பெருமளவுக்கு விரிவாக்கியிருக்காங்க, ஆனா பழைய லோன் வச்சிருக்கவங்க அந்த கட்டத்துல என்ன எழுதியிருக்குன்னு இன்னைக்கே எடுத்து பாருங்க.

இப்போ வட்டி கதை. நாலு மாசம் ஒழுங்கா கட்டினேன், கொரோனா வந்துச்சு, சம்பளம் பாதி. ரிசர்வ் பேங்க் 2020 மார்ச்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் மொரட்டோரியம், அதாவது தவணையை தள்ளிப்போட அனுமதி, குடுத்துச்சு, எடுத்துக்கிட்டேன். மூணு மாசம் கட்டாம விட்டா என்பிஏ (வராக்கடன்), பேங்க்கா இருந்தா அதுக்கப்புறம் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ், வீடு ஏலம்னு போகும், அந்த பயத்துல அது பெரிய மூச்சா இருந்துச்சு. ஆனா அந்த ஆறு மாச வட்டி எங்கயும் போகல, அசல்லயே ஏறிடுச்சு. செப்டம்பர்ல பாக்குறேன், நான் வாங்கினது 20 லட்சம், பாக்கி கிட்டத்தட்ட 20 லட்சத்து 90 ஆயிரம். அன்னைக்கு சாப்பாடே இறங்கல.

அப்புறம் 2022 மே மாசத்துல இருந்து 2023 பிப்ரவரிக்குள்ள ரெப்போ ரேட், அதாவது பேங்குகளுக்கு ரிசர்வ் பேங்க் கடன் குடுக்குற வட்டி, 4ல இருந்து 6.5க்கு போச்சு. என் லோன் 12 சதவீதம் ஆச்சு. இஎம்ஐ மாறவே இல்ல, அதே 22,732, அதனால நான் எதையும் கவனிக்கல, ஒரு எஸ்எம்எஸ் கூட வந்ததா ஞாபகம் இல்ல. 2023ல வருமான வரிக்காக ஸ்டேட்மென்ட் வாங்கும்போதுதான் தெரிஞ்சுது, 2034ல முடிய வேண்டிய லோன் 2040க்கு போயிருக்கு. அம்மாவுக்கு அப்போ 64 வயசு. மாசம் கட்டுற 22,732ல கிட்டத்தட்ட 20,000 வட்டிக்கு, அசலுக்கு மூவாயிரம் கூட போகல. இதுதான் இந்த மாதிரி லோன்ல மனசை உடைக்கிற இடம், நீங்க ஒழுங்கா கட்டிட்டே இருப்பீங்க, கடன் நகரவே நகராது.

அதே வருஷம் ஆகஸ்ட்ல ரிசர்வ் பேங்க் ஒரு உத்தரவு போட்டுச்சு, வட்டி ஏறினா இஎம்ஐயை கூட்டணுமா, வருஷத்தை நீட்டணுமா, இல்ல ரெண்டும் கலந்தான்னு கடன் வாங்கினவங்களை கேக்கணும், ஃபிக்ஸட் வட்டிக்கு மாறவும் வழி குடுக்கணும்னு. அதுக்கப்புறம் லெட்டர் வந்துச்சு. லேட்டா வந்தாலும் வந்துச்சு. பேங்க்ல எடுத்திருந்தா 2019 அக்டோபருக்கு மேல எடுக்குற ஃப்ளோட்டிங் லோன் ரெப்போ மாதிரி வெளி அளவுகோலோட கட்டாயம் இணைஞ்சிருக்கும், ஏறினா தெரியும் இறங்கினா இறங்கும். என்பிஎஃப்சிக்கு அந்த கட்டாயம் இல்ல, அவங்க பிஎல்ஆர், அதாவது அவங்களே வைக்கிற அடிப்படை வட்டி, அவங்க கையில. பேங்க்ல ஒரு மாசம் கூட இழுத்தாலும் அங்கேயே எடுத்திருக்கணும்னு இப்போ தோணுது, எனக்கு அன்னைக்கு 17 நாள் தேவைப்பட்டுச்சு, என்ன பண்றது.

2025 ஜனவரில அம்மா பங்குக்கு வந்த நிலத்தை வித்து லோனை முடிச்சோம். அஞ்சு வருஷம் கட்டியும் பாக்கி 19 லட்சத்து சொச்சம். பணம் கட்டின அன்னைக்கே நோ டியூ லெட்டர் வந்துச்சு, பத்திரம் வரல. சென்ட்ரல் ஸ்டோரேஜ்ல இருக்கு, பதினஞ்சு நாள்னாங்க. அப்புறம் கூரியர்ல வருதுன்னாங்க. அப்புறம் அந்த நல்ல மேடம் டிரான்ஸ்ஃபர் ஆகி போயிட்டாங்க, போன் எடுக்க ஆளே இல்ல. பணம் வாங்கும்போது நாங்கதான் ஓடி ஓடி போனோம் சரி, முடிச்ச பிறகும் நாங்களே ஓடணுமா? அம்மா தினமும் சாயந்திரம் பத்திரம் வந்துச்சாப்பான்னு கேப்பாங்க, ஒரு நாள் கேக்கறதை விட்டுட்டாங்க, அது இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

இதுக்கு ஒரு ரிசர்வ் பேங்க் உத்தரவு இருக்குங்க, எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கணும். 2023 டிசம்பர் 1ல இருந்து, லோனை முழுசா அடைச்ச 30 நாளுக்குள்ள அசல் பத்திரத்தை திருப்பிக் குடுக்கணும். அவங்க தப்பால லேட் ஆனா ஒரு நாளைக்கு 5,000 ரூபா நமக்கு குடுக்கணும். பத்திரம் தொலைஞ்சாலோ சேதமானாலோ நகல் வாங்க அவங்கதான் உதவணும், செலவும் அவங்களோடது, அதுக்கு மட்டும் இன்னொரு 30 நாள் டைம். 31வது நாள் காலையில இந்த உத்தரவை எழுதி, கம்பெனில புகார் பாக்குற நோடல் ஆபீசருக்கு மெயில் போட்டேன். 41வது நாள் பத்திரம் வந்துச்சு. 11 நாளுக்கு 55,000 கேட்டேன், கூரியர் லேட்டுக்கு நாங்க பொறுப்பில்லன்னாங்க. எழுத்துல புகார் குடுத்து 30 நாள் காத்திருந்து, ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேன் (புகாரை விசாரிக்கிற அதிகாரி) தளத்துல போட்டேன், அதுக்கு காசு கிடையாது, வக்கீலும் வேண்டாம். கொஞ்ச நாள்ல அவங்களே கூப்பிட்டு பேசி 55,000 அக்கவுண்ட்ல போட்டாங்க.

பத்திரம் வாங்கும்போது அவசரப்படாதீங்க. லோன் எடுக்கும்போது குடுத்த எல்ஓடி, அதாவது என்னென்ன பத்திரம் எத்தனை பக்கம்னு இருக்குற லிஸ்ட், அதை வச்சு அங்கேயே உக்காந்து எண்ணுங்க. நான் எண்ணினேன், மூலப்பத்திரத்துல ஒரு பக்கம் குறைஞ்சுது, ஃபைலோட பின்கவர்ல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. எண்ணாம வந்திருந்தா தாத்தா கைநாட்டு வச்ச பக்கம் போயிருக்கும்.

அதோட முடியல. எம்ஓடி ஈசில அப்படியே நிக்கும், கம்பெனி ஆள் சார்பதிவாளர் ஆபீஸுக்கு வந்து கடன் தீர்ந்துச்சுன்னு ரசீது ஆவணம் பதிஞ்சு குடுத்தாதான் போகும். நோ டியூ லெட்டர் இருக்கேன்னு நிறைய பேர் இதை விட்டுடறாங்க, பின்னாடி விக்கும்போதோ பிள்ளைங்க பேருக்கு மாத்தும்போதோ மாட்டும். இதுக்கும் ரெண்டு தடவை அலைஞ்சேன்.

கம்பெனிக்கு என் மார்க்: குடுக்கும்போது அஞ்சுக்கு நாலு, வட்டி விஷயத்துல ஒண்ணு, திருப்பிக் குடுக்கும்போது ஒண்ணரை. இன்னொரு தடவை அங்க போக மாட்டேன். போன வாரம் ஆன்லைன்ல ஈசி எடுத்தேன், எம்ஓடிக்கு கீழ ரசீது பதிவாயிருக்கு. பிரின்ட் எடுத்து பத்திரத்தோட சேர்த்து அம்மா கையில குடுத்தேன், அதே பீரோவுல அதே இடத்துல வச்சு பூட்டி சாவியை முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க.