ஒரு டம்ளர்தான் இறங்கும் என்றால்: கஞ்சியா, பழச்சாறா, புரதப் பொடியா?

புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றிய முதல் சில நாட்களில் தட்டு நிறையச் சாப்பிடச் சொல்லி யாரையும் வற்புறுத்த முடியாது. குமட்டல், நாக்கில் இரும்புச் சுவை, சோற்றின் ஆவி பட்டாலே வெறுப்பு. ஒரு டம்ளர் உள்ளே போனாலே பெரிது. அதில் எதை ஊற்றுவது என்பதில்தான் வீட்டுக்கு வீடு வாக்குவாதம். பாட்டி கஞ்சி என்பார். பார்க்க வருகிறவர்கள் மாதுளையும் சாத்துக்குடியுமாகப் பை நிறையக் கொண்டுவருவார்கள். மருந்துக்கடையில் புரதப் பொடி டின்னை எடுத்து நீட்டுவார்கள்.

அளந்து பார்க்க ஓர் அளவுகோல் இருக்கிறது. ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கமான எஸ்பென், புற்றுநோயாளிக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு தினமும் 25 முதல் 30 கலோரியும், 1 கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் 1.5 கிராம் வரை புரதமும் தேவை என்கிறது. 50 கிலோ எடையுள்ளவருக்கு 1,250 முதல் 1,500 கலோரி, 50 முதல் 75 கிராம் புரதம். இது கிடைக்காமல் தசை கரைந்தால் உடல் மருந்தைத் தாங்காது. அடுத்த கீமோவைத் தள்ளிப்போடவோ மருந்தின் அளவைக் குறைக்கவோ நேரலாம்.

இந்த அளவுகோலில் முதலில் தோற்பது பழச்சாறு. ஒரு டம்ளர் சாத்துக்குடிச் சாற்றில் புரதம் 1 கிராம் அளவுக்குத்தான் இருக்கும். மாதுளை குடித்தால் ரத்தம் ஊறும் என்று எத்தனை அன்போடு சொன்னாலும், கீமோவால் வரும் ரத்தசோகையை அது சரிசெய்யாது. வாய்ப்புண் இருந்தால் புளிப்பு எரியும். ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றியவர்களுக்கு முதல் சில நாட்கள் குளிர்ந்த எதுவும் கூடாது, தொண்டை இறுகுவதுபோல் ஆகிவிடும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருக்கும்போது இளநீர் உதவும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் அதிலுள்ள பொட்டாசியம் காரணமாக மருத்துவரைக் கேட்டுவிட்டே கொடுக்க வேண்டும். கடையில் ஐஸ் போட்டுத் தரும் ஜூஸ் வேண்டவே வேண்டாம்.

கஞ்சியைப் பற்றி நான் சற்று நீளமாகவே சொல்லியாக வேண்டும். வெறும் நொய்க்கஞ்சி இதமாக இறங்கும், ஆனால் 20 கிராம் அரிசியில் புரதம் 2 கிராம்கூடத் தேறாது. நாள் முழுக்க அதையே கொடுப்பது அன்போடு பட்டினி போடுவதாகிவிடும். அதே 20 கிராம் அரிசியோடு 20 கிராம் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, மசித்து, 100 மில்லி காய்ச்சிய பாலும் ஒரு சிறிய கரண்டி நெய்யும் சேர்த்தால், ஒரு பெரிய டம்ளரில் சுமார் 250 கலோரியும் 9 கிராம் புரதமும் வந்துவிடும். முட்டை சாப்பிடுகிறவர் என்றால், ஒன்றை நன்றாக அடித்துக் கொதிக்கும் கஞ்சியில் ஊற்றிக் கிளறுங்கள். இன்னும் 6 கிராம் புரதம். வேறு எந்த உணவிலும் இவ்வளவு எளிதாகச் சத்தைக் கூட்ட முடியாது. பொட்டுக்கடலையும் பயறும் தாராளமாகப் போட்டு வீட்டில் அரைத்த சத்துமாவும் நல்லதுதான்.

ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு முறை கீமோ ஏற்றியபின் 7 முதல் 14 நாட்களுக்குள், கிருமிகளோடு போராடும் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அப்போது பழைய சோறு, ஆஃப்பாயில், காலையில் அரைத்து மாலைவரை வெளியில் இருந்த தேங்காய்ச் சட்னி எதுவும் வேண்டாம். கஞ்சியையும் ஒவ்வொரு முறையும் புதிதாக, சூடாக வைத்துக் கொடுங்கள்.

புரதப் பொடிக்கு நான் எதிரியில்லை. ஒரு கரண்டியில் 20 கிராம் புரதம் தருபவை இருக்கின்றன. வாய், தொண்டைப் பகுதிக்குக் கதிர்வீச்சு பெறுகிறவர்களுக்கும் குழாய் வழியே உணவு போகிறவர்களுக்கும் ஊட்டச்சத்துப் பொடிகள் பெரிய துணை. ஆனால் டின்னின் முகப்பைப் பார்த்து வாங்காதீர்கள். பின்பக்க அட்டவணையில் ஒரு வேளைக்கு எத்தனை கிராம் புரதம், எவ்வளவு சர்க்கரை என்று பாருங்கள். வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் ரத்தத்தில் சர்க்கரை அளவை ஏற்றிவிடும் என்பதால், நீரிழிவு உள்ளவர்களுக்கு இனிப்பான பொடி இரட்டைச் சுமை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் உணவியல் நிபுணர் சொல்லாமல் எந்தப் பொடியும் கூடாது.

சர்க்கரையை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினியால் செத்துவிடும் என்று சொல்லிக் கஞ்சியையே தடுக்கிறவர்களும் உண்டு. புற்றுநோய்ச் செல்கள் மட்டுமல்ல, உடலின் எல்லாச் செல்களும் குளுக்கோஸை எரிக்கின்றன. சாப்பாட்டை வெட்டினால் முதலில் இளைப்பது நோயாளிதான். தயவுசெய்து அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள்.

என் வரிசை இதுதான்: பருப்பும் பாலும் சேர்ந்த கஞ்சி முதலில், அது இறங்காத நாளில் பொடி, பழச்சாறு ஆசைக்கு மட்டும். ஒரே டம்ளரை ஒரே மூச்சில் குடிக்கவைக்க வேண்டியதில்லை. அரை டம்ளராக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். இரும்புச் சுவை தெரிந்தால் எவர்சில்வரை விட்டுப் பீங்கான் கோப்பைக்கு மாறலாம். வாரம் ஒருமுறை ஒரே எடைக்கருவியில் எடை பாருங்கள். 50 கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் 47.5 கிலோவுக்கு இறங்கினால், அடுத்த கீமோ தேதிவரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.