ஏஐ முகவருக்கான கையேடு: ஒரே நீண்ட கோப்பா, பணிவாரியான சிறு கோப்புகளா?

ஆவணத் திருத்தக் கருவியின் கட்டளைகள் அனைத்தையும் ஒரே கோப்பில் எழுதிவைத்தால், அதைப் படித்துத் தானாகவே வேலையைச் செய்யும் ஏஐ மென்பொருளான முகவர் எதையும் தேட வேண்டியதில்லை. ஆனால், ஒரு தேதியை மாற்றுவதற்குக்கூட அட்டவணை, அடிக்குறிப்பு பற்றிய பக்கங்களெல்லாம் அதன் சூழல் நினைவை, அதாவது ஒரே நேரத்தில் அது கருத்தில் கொள்ளக்கூடிய உரைக்கான இடத்தை, அடைத்துக்கொள்கின்றன. முகவர் முதலில் படிக்கும் சுருக்கமான முகப்புக் கோப்பு, தேவைப்படும்போது மட்டும் திறக்கும் பணிவாரியான சிறு கிளைக் கோப்புகள் எனப் பிரிப்பதையே நான் விரும்புகிறேன். ஆனால் எதை முகப்பில் வைப்பது என்பதில் கவனம் தேவை. எடுத்துக்காட்டாக, டாக்எக்ஸ் என்ற வேர்டு ஆவண வடிவம், எக்ஸ்எம்எல் எனும் குறியீடுகள் இட்ட உரைக் கோப்புகள் அடங்கிய ஜிப் (சுருக்கப்பட்ட) தொகுப்பு. திரையில் ஒரே சொல்லாகத் தெரியும் ‘ஒப்பந்தம்’ அதனுள் ‘ஒப்’, ‘பந்தம்’ என இரு துண்டுகளாகக் கிடக்கலாம் என்பதால், நேரடியாகத் தேடும் முகவர் அச்சொல்லே இல்லை என்று முடிவுசெய்துவிடும். இந்த எச்சரிக்கை முகப்பிலேயே இருக்க வேண்டும். கிளைக் கோப்பில் வைத்தால், அதைத் திறக்காத முகவருக்கு அது எழுதப்படாததற்குச் சமம். கருவியில் பத்துக் கட்டளைகளே இருந்தால் ஒரே கோப்பு போதும்.