நின்டென்டோ சுவிட்ச் லைட் என்ற கேம் செற் வாங்கப் போகிறவர்கள் என் 42,000 ரூபாக் கதையை வாசித்துவிட்டுப் போங்கள்

மட்டக்களப்பு மாமாங்கத் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து தங்கச்சி குடும்பம் வந்து நின்றபோது தொடங்கிய வினை இது. மருமகனிடம் ஒரு நின்டென்டோ சுவிட்ச் இருந்தது, கையில் பிடித்து விளையாடும் கேம் செற். சிவப்பும் நீலமுமாக இரண்டு பக்கப் பிடிகளையும் கழற்றி ஆளுக்கொன்று கொடுப்பான், திரையை மேசையில் நிமிர்த்தி வைப்பான், அவ்வளவுதான். சூப்பர் மரியோ புரோஸ் வொண்டர் என்ற கேம், 2023 அக்டோபரில் வந்தது. நான்கு பேர் வரை ஒன்றாக ஓடலாம். ஒருவர் பள்ளத்தில் விழுந்தால் ஆவியாக மிதப்பார். ஐந்து விநாடிக்குள் மற்றவர் போய்த் தொட்டால் உயிர் திரும்பும். ஒரு போனுக்காக நாள் முழுக்க அடிபடும் என்னுடைய பிள்ளைகள் இரண்டும் "அக்கா தொடு, கெதியாத் தொடு" என்று கத்தி விளையாடியதைப் பார்த்ததும் என் மனம் இளகிவிட்டது. காசு போன வழி அதுதான்.

அவர்கள் திரும்பிப் போன கிழமையே டவுனில் ஒரு போன் கடைக்குப் போனேன். கடையின் பெயரைப் போடவில்லை. மஞ்சள் நிறத்தில் பாவித்த செற் ஒன்று இருந்தது. தெளிவாகத்தான் கேட்டேன்: "தம்பி, ரெண்டு பிள்ளைகளும் சேர்ந்து விளையாடத்தான் எடுக்கிறேன். இதில ஏலுமா?"

"ஓம் அண்ணன், தாராளமா ஏலும். மரியோவும் உள்ளுக்கே இருக்கு. கேம் கார்ட் வாங்கிச் செருகத் தேவையில்ல."

போட்டுக் காட்டினார். மரியோ ஓடினான். 42,000 எண்ணிக் கொடுத்தேன். பில் கேட்டதற்கு ஒரு துண்டில் விலையையும் திகதியையும் எழுதித் தந்தார். பெட்டி இல்லை. எனக்கும் அப்போது அது உறைக்கவில்லை.

வீட்டில் மகன் செய்த முதல் வேலை, பிடியைக் கழற்றப் பார்த்தது. இழுத்தான், திருகினான், கடைசியில் என்னிடம் நீட்டினான். அது கழலவே கழலாது. அது சுவிட்ச் லைட். 2019இல் வந்த சின்ன வகை, ஐந்தரை அங்குலத் திரை, ஒரே கட்டை. ரீவியிலும் போட முடியாது. கடைக்காரர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை, அதுதான் கெட்டித்தனம். வெளியில் இருந்து தனிப் பிடிகள் வாங்கி வயரில்லாமல் இணைத்தால் இரண்டு பேர் ஆடலாம்தான். ஆனால் அந்தப் பிடிகளை லைட்டில் செருகிச் சார்ஜ் போட முடியாது, அதற்கும் வேறு சாமான் வேண்டும். நிமிர்த்தி வைக்கப் பின்னால் கால்கூட இல்லை. சீனி டின்னில் சாய்த்து வைத்து இரண்டு பிள்ளைகளும் தலையை முட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான்.

சரி, மாறி மாறி விளையாடட்டும் என்று விட்டேன். மூன்றாம் நாள் மகள் வந்து, "அப்பா, மரியோ தானா நடக்கிறான்" என்றாள். வாங்கிப் பார்த்தேன். விரலே வைக்கவில்லை, அவன் மெல்ல மெல்ல இடது பக்கம் நடந்து போய்ப் பள்ளத்தில் விழுந்தான். மரியோவை நடத்துகிற இடது குச்சி தேய்ந்திருக்கிறது. பெரிய சுவிட்ச் என்றால் அந்தப் பிடியை மட்டும் மாற்றிவிடலாம்; லைட்டில் உடம்பையே திறக்க வேண்டும். கடையில் ஊதிப் பார்த்துவிட்டு, "தூசி அண்ணன்" என்றார்.

இரண்டு கிழமையில் கேமே திறக்கவில்லை. பூட்டுக் குறி மட்டும். அது யாரோ ஒருவருடைய நின்டென்டோ கணக்கில் வாங்கிய கேம். அந்தக் கணக்குக்கும் இந்தச் செற்றுக்கும் உள்ள தொடர்பை உரியவர் வெட்டிவிட்டால் நமக்கு ஒன்றும் மிஞ்சாது. மறுபடி கடைக்குப் போனேன். அண்ணன் என்றவர் இந்த முறை ஐயா என்றார். "நாங்களும் வேற ஆளிட்ட எடுத்ததுதான் ஐயா."

பாவித்தது வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், பிடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கழலாவிட்டால் லைட். குச்சியைத் தொடாமல் ஐந்து நிமிடம் மரியோவைச் சும்மா நிற்க விட்டுப் பாருங்கள். "கேம் உள்ளுக்கு இருக்கு" என்றால், யாருடைய கணக்கில் என்று கேளுங்கள். கையில் பிடிக்கக்கூடிய கார்ட்தான் உங்களுடையது. (அசல் கார்டை நாக்கில் வைத்தால் வேப்பங்காய் தோற்கும், குழந்தைகள் விழுங்காமல் இருக்கப் பூசியிருக்கிறார்கள். மருமகனுடையதை என் மகன் நக்கிப் பார்த்துவிட்டு அரை மணித்தியாலம் துப்பிக்கொண்டு திரிந்தான்.)

நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற போன் இலக்கத்துக்கு எடுத்துக் கேட்டேன். முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், அதுவும் வாங்கி மூன்று மாதத்துக்குள். எனக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. கையெழுத்துத் துண்டைப் படம் எடுத்து வைத்துவிட்டேன். டவுனில் இதே மாதிரித் துண்டு வாங்கியவர்கள் யாராவது இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள், சேர்ந்தே எழுதிப் போடுவோம்.